பற்று வரவு: மனம் வைத்த இடமும் மீண்டு வரும் வழியும்

கடந்த முறை உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகிப் பத்து நாட்கள் இருக்கும். ஒரு மாணவி ஆசிரியர் ஓய்வறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பெரிய பை. அதற்குள் இரண்டரை வருடங்களாக அவள் எழுதிய உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் கொப்பிகள். மருத்துவ பீடத்துக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் நினைக்காமல் படித்த பிள்ளை அவள். இசட் புள்ளி போதவில்லை.

"டீச்சர், உம்மா இத பழைய பேப்பர்காரருக்குக் கிலோக் கணக்கில போடச் சொல்றா. நாநா எரிச்சிரு எண்டு சொல்றார். எனக்கு ரெண்டும் ஏலாம இருக்கு. பார்க்கவும் ஏலாது, வீசவும் ஏலாது. எனக்குள்ள ஏதும் பிழையா டீச்சர்?"

அன்று மாலை அவளுடைய உம்மாவும் தொலைபேசியில் என்னோடு கதைத்தார். "பத்து நாளாகுது டீச்சர். சரியாச் சாப்பிடுறாவும் இல்ல. முடிஞ்சது முடிஞ்சதுதானே? அடுத்ததப் பார்க்கத்தானே வேணும்? நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பில் இருப்பதால் இந்தக் கேள்வியை நான் அடிக்கடி கேட்கிறேன். அந்த உம்மாவின் குரலில் இருந்தது அன்புதான், பயமும்தான். ஆனால் "முடிஞ்சது முடிஞ்சதுதானே" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு என் வாப்பாவின் ஞாபகம் வந்தது. பதினொரு வயதில் நானும் அவரிடம் அதையே எதிர்பார்த்தேன். எதிர்பார்த்ததோடு நிற்காமல் ஒரு தவறும் செய்தேன். அந்தத் தவறு என்னவென்று எனக்கு விளங்கியது பல வருடங்களின் பின்னர், உளவியல் படிக்கப் போன இடத்தில், பிராய்டின் ஒரு கட்டுரையை வாசித்தபோதுதான். அந்தக் கட்டுரையின் கருத்தை மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் எளிமையாக விளக்குவதே இங்கு என் நோக்கம்.

ஒரு சொல்லின் கதை

உளப்பகுப்பாய்வுத் துறையைத் தொடக்கி வைத்த சிக்மண்ட் பிராய்ட், 1856 இல் மொராவியாவின் பிரைபெர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியை வியன்னா நகரில் கழித்தார். மனதைப் பற்றி எழுதத் தொடங்கும் முன்னர் அவர் ஓர் ஆய்வுகூட மனிதர். பேராசிரியர் ஏர்ன்ஸ்ட் புரூக்கவின் உடற்றொழிலியல் ஆய்வுகூடத்தில் பல வருடங்கள் அமர்ந்து, மீன்களின் நரம்புக் கலங்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தவர்.

அது பௌதிகவியல் மிகுந்த செல்வாக்கோடு இருந்த காலம். சக்திக் காப்பு விதியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847 இல் விளக்கியிருந்தார். சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்ற மட்டுமே முடியும். இது நீங்கள் விஞ்ஞானப் பாடத்தில் படிப்பதுதான். உயிருள்ள உடலும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதே என்று புரூக்க போன்றோர் கருதினார்கள். அப்படியானால் மனமும் அதுபோல ஒரு சக்தியால் இயங்குகிறதா, அந்தச் சக்தி எங்கே போய்த் தங்குகிறது, எப்படி இடம் மாறுகிறது என்பது பிராய்டின் கேள்வியாயிற்று.

1895 இல் தன் நண்பர் வில்ஹெல்ம் பிளீஸுக்காக அவர் ஒரு நீண்ட வரைவை எழுதினார். ஒரு நரம்புக் கலம் ஏதோ ஒரு சக்தியால் நிரம்பி நிற்கும் நிலையை அதில் 'பெஸெட்ஸுங்' என்ற ஜெர்மன் சொல்லால் குறித்தார். அந்த வரைவை அவர் வெளியிடவில்லை. அவர் இறந்த பின்னர், 1950 இல்தான் அது அச்சில் வந்தது. ஆனால் அந்தச் சொல்லை அவர் விடவில்லை. பின்னாளில் நரம்புக் கலத்தைப் பற்றிய பேச்சு குறைந்தது. ஓர் ஆளிலோ, ஒரு நினைவிலோ, ஒரு பொருளிலோ, ஓர் இலட்சியத்திலோ உளச்சக்தி போய்த் தங்குவதைச் சொல்ல அதே சொல்லைக் கடைசிவரை பயன்படுத்தினார்.

பெஸெட்ஸுங் ஒன்றும் கடினமான சொல் அல்ல. ஒரு படை ஓர் ஊரைப் பிடித்து அங்கே நிலைகொள்வதை ஜெர்மானியர் அப்படிச் சொல்வர். ஆசனத்தில் ஏற்கெனவே ஆள் இருப்பதையும், தொலைபேசி இணைப்பு வேலையாக இருப்பதையும் அதே சொற்குடும்பத்தால் சொல்வர். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி 1922 இல் இதற்குக் கிரேக்க வேரிலிருந்து 'கதெக்ஸிஸ்' என்ற புதுச்சொல்லை ஆக்கினார். தேவையில்லாமல் கலைச்சொற்களைப் பெருக்குவதை விரும்பாத பிராய்டுக்கு ஆரம்பத்தில் அது பிடிக்கவில்லை. வீட்டில் புழங்கும் ஒரு சொல் புத்தகச் சொல்லாகிவிட்டது.

நான் வகுப்பில் விளக்கும்போது கதெக்ஸிஸ் என்று சொல்வதில்லை. 'பற்று' என்றே சொல்வேன். பற்றுதல் என்றால் பிடித்துக்கொள்ளுதல். தீ பற்றும், பசை பற்றும், மனமும் பற்றும். ஓரிடத்தில் மனம் பற்றிவிட்டால் அந்த இடம் வெறும் இடமாக இராது. அங்கே நம்முடைய ஒரு பகுதி குடியிருக்கிறது.

எதில் பற்று இருக்கிறது என்பதை எப்படி அறிவது? செலவிடும் நேரத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது. மனமில்லாமல் ஒரு வேலையை எட்டு மணித்தியாலம் செய்யலாம். வேறு வேலை செய்யும்போதும் எண்ணம் தானாக எங்கே திரும்பிப் போகிறது, யாருடைய பெயரைக் கேட்டதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, எதை யாராவது இகழ்ந்தால் நம்மையே இகழ்ந்ததுபோல வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். பற்று அங்கேதான் இருக்கும்.

அமீபாவும் பல்வலியும்

1914 இல் எழுதிய ஒரு கட்டுரையில் பிராய்ட் இதற்கு ஓர் உவமை சொல்கிறார். உயிரியல் மாணவிகளுக்கு அது உடனே விளங்கும். அமீபா தன் உடலிலிருந்து போலிப்பாதங்களை வெளியே நீட்டுகிறது. வேண்டியபோது உள்ளே இழுத்துக்கொள்கிறது. நீட்டினாலும் இழுத்தாலும் உடல் ஒன்றுதான். மனமும் அப்படியே தன் சக்தியை வெளியே உள்ள ஆட்கள் மீதும் பொருட்கள் மீதும் நீட்டுகிறது. சில வேளைகளில் தன்னிடமே திருப்பி எடுத்துக்கொள்கிறது.

கடுமையான பல்வலி வந்த நாளை நினைத்துப் பாருங்கள். அன்று தோழியின் கல்யாணமும் பெரிதில்லை, நாளைய பரீட்சையும் பெரிதில்லை. உலகம் முழுவதும் அந்த ஒரு பல்லுக்குள் வந்து சுருங்கிவிடுகிறது. நோயாளி வெளியுலகத்தில் வைத்திருந்த அக்கறையைத் தன் உடலுக்குத் திருப்பி எடுக்கிறார், நோய் தீர்ந்ததும் மீண்டும் வெளியே அனுப்புகிறார் என்று பிராய்ட் விளக்குகிறார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை தன் செல்லப் பூனையைக்கூடத் திரும்பிப் பார்க்காதபோது நாம் அதைச் சுயநலம் என்று ஏசுவதில்லை. அதன் சக்தி வேறோர் இடத்தில் தேவைப்படுகிறது என்று விட்டுவிடுகிறோம்.

மனதில் காயம்பட்ட பிள்ளையிடம் மட்டும் ஏன் அந்தப் பொறுமை நமக்கு வருவதில்லை?

துயரம் ஒரு வேலை

1915 இல், முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பிராய்ட் துயரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1917 இல் அது வெளிவந்தது. அவருடைய மகன்மாரும் அப்போது படையில் இருந்தார்கள்.

ஒருவரையோ ஒன்றையோ இழந்தவர் ஏன் இவ்வளவு காலம் துயரப்படுகிறார் என்பதே அந்தக் கட்டுரை எழுப்பும் கேள்விகளில் முக்கியமானது. இழந்தது திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும். தெரிந்த அந்தக் கணத்திலேயே மனதை எடுத்துவிட வேண்டியதுதானே? முடிவதில்லை. காரணம், நாம் ஓர் ஆளின் மீது வைத்த பற்று ஒரே முடிச்சாக இருப்பதில்லை. அது நூறு நினைவுகளிலும் நூறு எதிர்பார்ப்புகளிலும் பிரிந்து கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முடிச்சையும் தனித்தனியாக அவிழ்க்க வேண்டும். ஒவ்வொரு நினைவும் மேலே வருகிறது. வரும்போது அதன் மீதான பற்று முன்னிலும் கூடுதலாக எரிகிறது. பிறகு 'அது இப்போது இல்லை' என்ற உண்மையை மனம் அந்த ஒரு நினைவின் மீது எழுதிக்கொள்கிறது. அதன் பின்னரே அந்த முடிச்சு தளர்கிறது. அடுத்த நினைவுக்கு இதே வேலை மறுபடியும்.

இதைப் பிராய்ட் ஒரு 'வேலை' என்றே அழைத்தார். இந்த வேலைக்கு நிறையக் காலமும் சக்தியும் செலவாகின்றன. அதனால்தான் துயரத்தில் இருப்பவருக்கு வேறு எதிலும் நாட்டம் இருப்பதில்லை. அவர் சும்மா இருப்பதாக மற்றவர்களுக்குத் தெரிகிறது. உண்மையில் உள்ளே பெரிய வேலை நடந்துகொண்டிருக்கிறது.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டவை இரண்டு. துயரம் மரணத்தால் மட்டும் வருவதில்லை. தாய்நாடு, சுதந்திரம், ஓர் இலட்சியம் ஆகியவற்றை இழந்தாலும் இதே வேலை நடக்கும் என்கிறார். அடுத்து, இயல்பான துயரம் ஒரு நோய் அல்ல; அதில் குறுக்கிடுவதால் பயனில்லை, கெடுதலும் விளையலாம் என்கிறார்.

இந்த இடத்தை வாசித்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அதற்கு மேல் அன்று வாசிக்க முடியவில்லை.

வாப்பாவின் கொப்பி

நாங்கள் யாழ்ப்பாணத்தவர்கள். வாப்பா அங்கே ஒரு சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தார். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று பணிக்கப்பட்டார்கள். வடக்கின் மற்றப் பகுதிகளிலும் அந்த மாதத்திலேயே இது நடந்தது. எல்லாமாக 70,000க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வந்தார்கள். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் வந்து சேர்ந்தார்கள். நாங்களும் அவர்களில் ஒரு குடும்பம்.

வழியில் நடந்த சோதனையில் உம்மாவின் வளையல்கள் போயின. வாப்பா இடுப்பில் செருகியிருந்த கடைக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் காசு இருக்கவில்லை. கடனுக்குச் சாமான் வாங்கிய அயல் வீடுகளின் கணக்குத்தான் இருந்தது. நீளமான கொப்பி, சிவப்புத் துணி மட்டை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். ஒரு நிரலில் 'பற்று', மற்றதில் 'வரவு'. வாங்கிப் போனது பற்று; காசு தந்தது வரவு. இன்று கணக்கீட்டுப் பாடத்தில் நீங்கள் படிக்கும் முறை வேறு. அது அந்தக் காலத்துக் கடைக்காரர் வழக்கு.

புத்தளத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு கிடுகுக் கொட்டில். எங்களோடு வந்த ஆண்கள் வெங்காயத் தோட்டங்களிலும் மற்ற இடங்களிலும் கூலி வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். வாப்பா போகவில்லை. மஃரிப் தொழுகை முடிந்ததும் குப்பி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொப்பியை விரிப்பார். ஒரு பக்கத்தை எடுத்து, மேலிருந்து கீழ் வரை வாய்க்குள் வாசிப்பார். சில நேரம் எங்களுக்கும் சொல்வார். "கிணத்தடி வீட்டு அக்கா. சீனி அரை றாத்தல், தேயிலை. மகள் பெரிய பிள்ளையான மாசம் இது. கூடுதலா வாங்கினவ." "இவர் தபால்காரர். சம்பளம் எடுத்த அண்டே கொண்டு வந்து தருவார். இந்த மாசம் எடுத்திருக்க மாட்டார்." நாற்பத்து மூன்று ரூபா ஐம்பது சதம் என்ற தொகையில் ஒரு வீடு முழுவதும் இருந்தது.

உம்மாவுக்கு அது பொறுக்காது. "வராத காச எண்ணி என்னத்துக்கு? புள்ளைகளப் பாருங்க." மாமாமாரும் சொல்லிப் பார்த்தார்கள். எனக்கும் வெட்கமாக இருந்தது. மற்றப் பிள்ளைகளின் வாப்பாமார் உழைக்கப் போகிறார்கள். என் வாப்பா மட்டும் கொப்பி வாசிக்கிறார். கொப்பி இல்லாவிட்டால் எழும்பி வேலைக்குப் போவார் என்று பதினொரு வயது மூளை கணக்குப் போட்டது. ஒரு நாள் அதை எடுத்து அரிசிச் சாக்கின் அடியில் ஒளித்து வைத்தேன்.

அன்று மாலை வாப்பா தேடினார். யாரிடமும் கேட்கவில்லை, ஏசவுமில்லை. பாயைத் தூக்கிப் பார்த்தார். வாசலுக்குப் போய் நின்றார். திரும்பி வந்து மறுபடியும் பாயைத் தூக்கிப் பார்த்தார். விளக்கை அணைக்காமல் சுவரைப் பார்த்தபடி படுத்துவிட்டார். அடுத்த நாளும் அவர் எழும்பி வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவுமில்லை. இரவில் நான் கொப்பியை எடுத்து அவர் தலைமாட்டில் வைத்தேன். அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு நாளும் அதைப் பற்றி என்னிடம் கதைத்ததில்லை.

அவர் அந்தக் கொப்பியில் வேறொன்றும் செய்துகொண்டிருந்தார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். ஒரு பக்கத்தைப் பல நாள் வாசிப்பார். பிறகு ஒரு நாள் அடிமட்டம் வைத்து அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். கோட்டின் கீழே 'ஹலால்' என்று எழுதுவார். தர வேண்டிய கடனை மன்னித்து விடுவதை எங்கள் வீடுகளில் 'ஹலாலாக்குதல்' என்று சொல்வது உங்களுக்குத் தெரியும். சில பக்கங்களுக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது. சிலவற்றுக்கு வாரக்கணக்கில் எடுத்தது. பக்கங்களை ஒழுங்காகவும் செய்யவில்லை. இன்று இது, நாளை வேறொன்று. இடையிடையே எழும்பிக் கூலி வேலைக்கும் போனார். முதலில் கிழமைக்கு ஒரு நாள், பிறகு மூன்று நாள். கொப்பி முடியச் சுமார் இரண்டு வருடங்கள் சென்றன. முடிந்த பின்னர் ஒரு பெட்டிக்கடை போட்டார். புதுக் கொப்பி ஒன்று வாங்கினார். முதல் பக்கத்தில் புத்தளத்து அயல்வீட்டுக்காரர் ஒருவரின் பெயரை எழுதினார்.

பிராய்டின் பெயரை வாப்பா கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு நினைவாக எடுத்து, அதன் பற்றைக் கூட்டி வாசித்து, பிறகு கோடு இழுத்து விடுகின்ற வேலையை அவர் அந்தக் கொப்பியில் செய்துகொண்டிருந்தார். நான் அந்த வேலைக்கான கருவியையே அவரிடமிருந்து ஒளித்திருக்கிறேன்.

பிராய்டின் வீட்டில்

வேலை முடிந்ததும் மனம் விடுதலை பெற்று, புதிய இடத்தில் பற்று வைக்கும் என்பது அந்தக் கட்டுரையின் முடிவு. பிராய்டின் சொந்த வாழ்க்கை இந்த முடிவை ஓரளவு திருத்தியது.

1920 ஜனவரியில் அவருடைய மகள் சோபி, ஹம்பேர்க் நகரில் இன்புளுவென்சாக் காய்ச்சலால் இறந்தார். வயது 26. போருக்குப் பிந்திய அந்த நாட்களில் ரயில் ஓடாததால் பெற்றோர் போய்ச் சேர முடியவில்லை. 1923 இல் சோபியின் இளைய மகன், நான்கு வயதுப் பேரன், காசநோயால் இறந்தான். அந்தப் பேரனின் இழப்பு அவரை மற்றெல்லாவற்றையும்விட வருத்தியது. 1929 இல், மகனை இழந்த தன் நண்பர் பின்ஸ்வாங்கருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். சோபி உயிரோடு இருந்திருந்தால் அன்று அவருக்கு 36 வயது. துயரத்தின் கூர்மை காலத்தில் மழுங்கும். ஆனாலும் அந்த இடத்தை வேறெதுவும் முழுமையாக நிரப்பாது. நிரப்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும். அப்படி இருப்பதே சரி, விட மனமில்லாத அன்பைத் தொடர அதுவே வழி என்பது அக்கடிதத்தின் கருத்து. 1917 இல் எழுதியவரும் இவரே. ஆனால் இடையில் ஒரு மகளையும் பேரனையும் இழந்த தகப்பன் இவர்.

1938 இல் நாஸிகள் ஒஸ்ட்ரியாவைப் பிடித்ததும், 82 வயதில் அவரும் ஊரை விட்டு இலண்டனுக்குப் போக நேர்ந்தது. விடுதலை கிடைத்த மகிழ்ச்சியோடு, விட்டு வந்த அந்தச் சிறையை இன்னும் நேசிப்பதால் வரும் துயரமும் கலந்திருப்பதாக அவர் அப்போது எழுதினார். அடுத்த வருடம் இலண்டனிலேயே இறந்தார்.

வாப்பாவின் கொப்பியிலும் ஒரு பக்கத்துக்குக் கோடு விழவில்லை. நாங்கள் வெளிக்கிட்ட அன்று வேலிக்கு வெளியே ஓடி வந்து, எங்கள் தம்பிக்குத் தண்ணீர்ப் போத்தல் தந்த ஒரு வீட்டாரின் பக்கம் அது. 112 ரூபா. "இதுக்கும் கோடு போடுங்களேன்" என்று ஒரு முறை கேட்டேன். "அத வெட்டினா அந்த வீட்டையும் வெட்டின மாதிரி மகள்" என்றார்.

2002 இல் ஏ9 பாதை திறந்ததும் வாப்பா ஒரு முறை யாழ்ப்பாணம் போனார். அந்த வீட்டம்மா இருந்தார். பழைய கடன் தனக்கும் ஞாபகம் என்று சொல்லி 120 ரூபாவைக் கையில் திணித்தாராம். வாப்பா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, அவர் மனம் நோகக் கூடாது என்று வாங்கிக்கொண்டார். "112 தான் அக்கா" என்று சொல்லி எட்டு ரூபாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்தார். வந்து எங்களிடம் அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். பிறகு கொப்பியை எடுத்து, அந்தப் பக்கத்தில் வரவு 112 என்று எழுதினார். கோடு மட்டும் இழுக்கவில்லை.

வாப்பா மௌத்தாகி ஆறு வருடங்களாகின்றன. கொப்பி என்னிடம் இருக்கிறது.

கொள்கையின் எல்லை

பாடமாகப் படிப்பவர்கள் இந்தக் கருத்தின் குறைகளையும் அறிய வேண்டும். பிராய்ட் சொன்ன உளச்சக்தியை இதுவரை யாரும் எந்தக் கருவியாலும் அளந்ததில்லை. மூளையில் மின், இரசாயனச் சமிக்ஞைகள் உண்டு. ஆனால் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஊற்றும் நீர் போல அன்பு அங்கே இடம் மாறுவதில்லை. ஐந்து பிள்ளைகள் பெற்ற உம்மா தன் அன்பை ஐந்தாகப் பிரித்துக் கொடுப்பதில்லை என்பது எந்த வீட்டிலும் தெரிந்த உண்மை. எனவே இதை ஓர் அளவீடாகக் கொள்ளாமல் ஓர் உவமையாகக் கொள்வதே பொருத்தம்.

துயரத்தின் முடிவு பற்றிய கருத்தும் மாறியிருக்கிறது. டெனிஸ் கிளாஸ், பிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் 1996 இல் தொகுத்து வெளியிட்ட நூல், இறந்தவர்களோடுள்ள பிணைப்பு வேறு வடிவில் தொடர்வது இயல்பானது, அதை அறுத்துக்கொள்வது கட்டாயமில்லை என்று வாதிட்டது. கோடு விழாத ஒரு பக்கம் இருக்கலாம் என்பதுதான் அது.

பெற்றோருக்கும் மாணவிகளுக்கும்

அந்த மாணவிக்கு வருவோம். அவள் இழந்தது ஒரு பரீட்சைப் பெறுபேற்றை மட்டுமல்ல. வெள்ளை அங்கியோடு தன்னைக் கண்ட கனவு, உம்மம்மாவுக்குத் தானே மருந்து எழுதும் நாள், தோழியோடு ஒரே பீடத்துக்குப் போகும் திட்டம் எல்லாம் அந்தப் பையில் இருந்தன. அவற்றைப் பத்து நாளில் கிலோக் கணக்கில் போட முடியாது.

எரிக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம் என்று சொன்னேன். "நாளைக்கு ஒரு கொப்பி மட்டும் எடுங்க. விரும்பினா வாசிங்க, அழுகை வந்தா அழுங்க. பிறகு அந்த ஒரு கொப்பிய என்ன செய்யிறது எண்டு யோசிங்க. மற்றது பையிலயே கிடக்கட்டும்."

அவளுடைய உம்மாவிடம் மூன்று விடயங்கள் சொன்னேன். அவற்றை எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிறேன். முதலாவது, "விட்டுத் தள்ளு" என்று சொல்லாதீர்கள். என்னென்ன நினைத்திருந்தாய் என்று கேளுங்கள். ஒவ்வொரு நினைவாக வெளியே வரட்டும். இரண்டாவது, உடனே வேறொரு கனவைக் கையில் திணிக்காதீர்கள். பழைய இடத்திலிருந்து மனம் திரும்பி வரும் முன்னர் புதிய இடத்தில் குடியேற அதனால் முடியாது. மூன்றாவது, பிள்ளை எதைப் பற்றிக் கதைக்கிறாள் என்று கவனியுங்கள். துயரத்தில் உலகம் வெறுமையாகத் தெரியும். அதைவிடக் கடுமையான நிலையில் தானே வெறுமையானவள் என்று தோன்றும் என்று பிராய்ட் வேறுபடுத்திக் காட்டினார். 'எனக்குக் கிடைக்கவில்லை' என்பது வேறு, 'நான் ஒன்றுக்கும் உதவாதவள், நான் இருந்து என்ன பயன்' என்பது வேறு. இரண்டாவதைக் கேட்டால் காத்திருக்க வேண்டாம். வைத்தியரை நாடுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமும் உண்டு.

மாணவிகளே, உங்களுக்கு ஒன்று சொல்வேன். இழந்துவிடுவோம் என்று பயந்து எதிலும் மனம் வைக்காமல் இருக்காதீர்கள். பற்று இல்லாமல் எந்தப் பாடமும் விளங்காது, எந்த நட்பும் நிலைக்காது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள். வாப்பாவின் கொப்பியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் இருந்தது.

அந்த மாணவி இரண்டு மாதங்களில் பெரும்பாலான கொப்பிகளைக் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொன்றிலும் பிழையாக எழுதியிருந்த இடங்களைத் திருத்திவிட்டுத்தான் கொடுத்தாள். இதயத்தின் நெடுக்குவெட்டு முகத்தை நிறப் பென்சிலால் வரைந்த கொப்பியை மட்டும் தன்னிடம் வைத்திருக்கிறாள். அடுத்து என்ன படிப்பது என்று அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. உம்மா இப்போது அவசரப்படுத்துவதுமில்லை. போன கிழமை கல்லூரிக்கு வந்தவள், நூலகத்துக்குப் போய் ஒரு நாவலைத் தேடிப் பிடித்து என் பெயரில் எடுத்துத் தரும்படி கேட்டாள். மூன்று வருடங்களின் பின்னர் பாடத்துக்கு வெளியே அவள் கேட்ட முதல் புத்தகம் அது.